பொறிவண்டு: தோட்டக்காரர்களும் விவசாயிகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாடித்தோட்டம் வைத்திருக்கும் நண்பர்களும் ஊரில் விவசாயம் பார்க்கும் உறவினர்களும் எனக்கு வாட்ஸ்அப்பில் பூச்சிப் படங்கள் அனுப்புவார்கள். அதில் ஒரு படம் மட்டும் திரும்பத் திரும்ப வரும். கறுத்த உடம்பு, ஆறு கால், முதுகில் ஆரஞ்சு நிறத்தில் சில திட்டுகள், முதலைக்குட்டியைச் சுருக்கி இலைமேல் விட்டது போல ஒரு புழு. கூடவே ஒரு வரி இருக்கும்: "அவரைக் கொடி முழுக்க இதுதான், என்ன மருந்து அடிக்கட்டும்?"

அது பொறிவண்டின் புழு. கொடியில் கூட்டமாக மொய்த்துச் சாறு உறிஞ்சும் அசுவினி என்ற குட்டிப் பூச்சியைத் தின்ன வந்திருக்கிறது. வண்டைப் பார்த்தால் எல்லோருக்கும் பிடிக்கிறது, அதன் குட்டியைத்தான் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. இதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது கேள்விகளை எல்லாம் சேர்த்து ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

பொறிவண்டு என்பது எது? பொன்வண்டும் இதுவும் ஒன்றா?

இல்லை. பொன்வண்டு என்பது சின்ன வயதில் நெருப்புப் பெட்டியில் இலை போட்டு வளர்த்தோமே, பச்சையாக மினுங்கும் பெரிய வண்டு, அது. வேறு குடும்பம். முதல் மழை பெய்ததும் செம்மண்ணில் சிவப்பு வெல்வெட் துணி போல ஊர்ந்து வரும் தம்பலப்பூச்சியும் இது இல்லை. அதற்கு எட்டுக் கால். பூச்சியே கிடையாது, சிலந்தி வகையறா.

பொறிவண்டு, ஒரு துவரம்பருப்பைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். அடிப்பக்கம் தட்டை, மேல்பக்கம் குவிந்த மேடு. அளவும் ஏறத்தாழ அதேதான், சில இனங்கள் கடுகளவுகூட இருக்கும். பொறி என்றால் புள்ளி, அதனால் இந்தப் பெயர். உலகத்தில் சுமார் 6,000 இனங்கள் இருக்கின்றன. சிவப்பில் கறுப்புப் புள்ளி என்பது அவற்றில் ஒரு பகுதிதான். கோடு போட்டவை, புள்ளியே இல்லாதவை, முழுக் கறுப்பானவை எல்லாம் உண்டு.

நம் பக்கம் தட்டைப்பயறு, கடலை, பருத்தி, அவரையில் அதிகம் காண்பது ஆறுபுள்ளிப் பொறிவண்டு. பெயர்தான் ஆறுபுள்ளி. முதுகில் பார்த்தால் புள்ளியைவிட நெளிநெளியான கறுப்புக் கோடுகள்தான் கண்ணில் படும். ஒவ்வொரு மேலிறக்கையிலும் குறுக்கே இரண்டு நெளிகோடு, வால் பக்கம் ஒரு புள்ளி. அதன் அடிநிறமும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வண்டுக்கு வண்டு மாறும். அதனால் வேறு வேறு இனம் என்று நினைத்துவிடுவோம்.

புள்ளிகளை எண்ணினால் வயது தெரியுமா?

தெரியாது. புள்ளி இனத்தின் அடையாளம். கூட்டை விட்டு வந்த சில மணி நேரத்தில் புள்ளிகள் தெரிந்துவிடும், அதற்குப் பிறகு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஆனால் அடிநிறத்தை வைத்து ஓரளவு சொல்லலாம். புதிதாக வந்த வண்டு வெளிறி இருக்கும், நாள் போகப்போக நிறம் அடர்த்தியாகும்.

குட்டியை எப்படி அடையாளம் காண்பது? முட்டையிலிருந்து சொல்லுங்கள்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

அசுவினி மொய்த்திருக்கும் கொழுந்துக்குப் பக்கத்து இலையைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில், நெல்மணிகளை நெருக்கி நெருக்கி நட்டு வைத்தது போல ஒரு கொத்து இருக்கும். ஒவ்வொரு முட்டையும் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஒரு கொத்தில் பத்தும் இருக்கலாம், நாற்பதும் இருக்கலாம். தாய் வண்டு கண்ட இடத்தில் முட்டை வைக்காது. தின்ன அசுவினி இருக்கிறதா என்று பார்க்கும். ஏற்கெனவே வேறு புழுக்கள் நடந்து போன தடம் அந்த இலையில் இருந்தால், அந்த வாடையை வைத்தே விலகிப் போகும் இனங்களும் உண்டு. இருக்கிற சாப்பாட்டுக்குப் பங்காளிகள் அதிகம் என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது.

மூன்று நான்கு நாளில் முட்டை மஞ்சளிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறும், பிறகு பொரியும். வெளியே வரும் கறுப்புப் புழுக்கள் உடனே கிளம்பிவிடாது. கிட்டத்தட்ட ஒரு நாள் அந்த ஓட்டின் மேலேயே கூட்டமாக உட்கார்ந்திருக்கும். ஓட்டைத் தின்னும். பொரியாத முட்டை பக்கத்தில் இருந்தால் அதையும் தின்னும். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் இலை நரம்பின் தடிமன்கூட இல்லாத அந்தப் புழு, தன் முதல் அசுவினியைத் தேடி நடந்தாக வேண்டும். அதற்கான தெம்பு அந்த ஒரு முட்டையிலிருந்துதான் கிடைக்கிறது.

பிறகு நான்கு பருவம், நடுவில் மூன்று முறை தோலுரிப்பு. கடைசிப் பருவத்தில்தான் நீங்கள் படம் எடுத்து அனுப்பும் அந்த முதலைக்குட்டி உருவம். உடம்பு நீளம், வால் பக்கம் குறுகல், கால்கள் பக்கவாட்டில் அகட்டி இருக்கும். வேகமாக நடக்கும். இலையைத் தின்னும் புழு எதுவும் அப்படி அவசரமாக நடக்காது. தின்பது காலடியிலேயே இருக்கும்போது அதற்கு என்ன அவசரம்? வேட்டைக்காரனுக்குத்தான் நடக்க வேண்டியிருக்கிறது. சந்தேகம் வந்தால் நடையைப் பாருங்கள்.

வளர்ந்த புழு, வால் நுனியை இலையில் ஒட்டிக்கொண்டு குறுகி உட்காரும். இதுதான் கூட்டுப்புழு. பறவை எச்சம் காய்ந்து ஒட்டியது போல இருப்பதால் பலர் சுரண்டி எறிந்துவிடுகிறார்கள். மெல்லத் தொட்டுப் பாருங்கள், சட்டென்று நிமிர்ந்து ஒரு உதறு உதறும். உயிர் இருக்கிறது.

ஒரு நாள் காலையில் அவரை இலை ஒன்றில் கூடு வெடிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வெளியே வந்த வண்டு எலுமிச்சை மஞ்சள், ஒரு பொட்டுகூட இல்லை. பின்னிறக்கைகளை நனைந்த துணி போல வெளியே தொங்கவிட்டுக் காயவைத்தது. நான் காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது கோடுகள் புகை படிந்தது போலத் தெரிய ஆரம்பித்திருந்தன. மத்தியானம் பார்த்தால் அதே நெளிகோட்டு வண்டுதான். நம் வெயிலுக்கு முட்டையிலிருந்து வண்டு வரை ஏறக்குறைய மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

உண்மையிலேயே எவ்வளவு அசுவினி தின்னும்?

நன்றாக வளர்ந்த வண்டு ஒரு நாளைக்கு ஐம்பது அசுவினி வரை தின்னும். புழுவும் லேசுப்பட்டதில்லை, கூடு கட்டுவதற்குள் சில நூறைத் தீர்த்துவிடும்.

எப்படித் தேடுகிறது என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். புழுவுக்குப் பார்வை ரொம்பக் குறைவு. ஒரு விரல் தூரத்தில் இருக்கும் அசுவினிகூட அதற்குத் தெரியாது, கிட்டத்தட்ட முட்டிக்கொண்டுதான் கண்டுபிடிக்கும். ஒன்றும் கிடைக்காதவரை நேராக, வேகமாக நடக்கும். இலை ஓரம், நரம்பு, தண்டு என்று விளிம்பு பிடித்துப் போகும். அசுவினியும் நரம்பை ஒட்டித்தானே உட்கார்கிறது! ஒன்று வாயில் மாட்டியதும் நடை மாறிவிடும். வேகம் குறையும், அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வரும். அசுவினி கூட்டமாக இருக்கும் பூச்சி, ஒன்று இருந்தால் பக்கத்தில் ஒன்பது இருக்கும். கொஞ்ச நேரம் சுற்றியும் கிடைக்கவில்லை என்றால் மறுபடி நேர் நடை.

அப்படியானால் வண்டு இருந்தும் என் செடியில் ஏன் அசுவினி குறையவில்லை?

இரண்டு காரணம். முதலாவது, காலம். அசுவினிக்கு ஆண் துணையே தேவையில்லை. பெண் நேரடியாகக் குட்டி போடும். அந்தக் குட்டி ஒரு வாரத்தில் தானும் குட்டி போட ஆரம்பித்துவிடும். வண்டுக்கு ஒரு தலைமுறை மூன்று வாரம். ஆக, முதலில் அசுவினிதான் பெருகும், வண்டு பின்னால் ஓடிவரும். "அசுவினி வந்து பத்து நாள் ஆச்சு, ஒண்ணும் குறையலையே" என்று மருந்து அடிப்பவர்கள் பெரும்பாலும் முட்டை பொரிந்து புழு வேலையை ஆரம்பிக்கும் அந்த வாரத்தில்தான் அடிக்கிறார்கள்.

இரண்டாவது, எறும்பு. அசுவினி செடியின் சாற்றை உறிஞ்சி, மிச்ச இனிப்பைத் தேன் போலக் கழிக்கும். இலை பிசுபிசுவென்று ஒட்டுவதும், அதன்மேல் கரும்பூஞ்சை படர்வதும் அதனால்தான். எறும்புக்கு அந்தத் தேன் வேண்டும். அதனால் அசுவினியைக் கறவை மாடு போலக் காவல் காக்கும், வண்டு வந்தால் கடித்து விரட்டும், முட்டையையும் தூக்கிப் போய்விடும். கொய்யா, எலுமிச்சை, மாமரத்தில் அடிமரத்தைச் சுற்றிப் பசைப்பட்டை கட்டி எறும்பு ஏறும் வழியை அடைத்தால் போதும், பாதி வேலையை வண்டே பார்த்துக்கொள்ளும்.

எல்லாப் பொறிவண்டும் நன்மை செய்பவையா?

இல்லை. "பொறிவண்டு நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் கத்தரி போட்டவர்கள் என்னைத் திட்டுவார்கள், அது நியாயமும்கூட.

கத்தரியில் வரும் எபிலாக்னா வண்டும் இதே குடும்பம்தான், ஆனால் சைவம். இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று நரம்பை மட்டும் விட்டுவைக்கும். இலை சல்லடையாகி, காகிதம் போலக் காய்ந்துவிடும். தக்காளி, உருளைக்கிழங்கு, பாகலுக்கும் போகும். கண்டங்கத்திரியிலும் பார்த்திருக்கிறேன்.

பிரித்தறிவது கஷ்டமில்லை. நல்ல வண்டின் முதுகு எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும். எபிலாக்னாவின் முதுகில் நுண்ணிய முடி இருப்பதால் மங்கலான செம்பு நிறமாகத் தெரியும், மினுக்கம் இருக்காது. புள்ளியும் அதிகம், 28 வரை போகும். புழுவைப் பார்த்தால் இன்னும் சுலபம்: மஞ்சள் உடம்பு, முதுகு முழுக்கக் கிளைவிட்ட முள், இருந்த இடத்திலேயே மெதுவாக மேய்ந்துகொண்டிருக்கும். முட்டைதான் குழப்பும், அதுவும் மஞ்சள் கொத்துதான். அந்த இலையில் அசுவினி எதுவும் இல்லை, பக்கத்தில் சுரண்டிய தடம் இருக்கிறது என்றால் எபிலாக்னா. சில செடிகள்தான் இருக்கிறதென்றால் காலை வேளையில் புழுவையும் முட்டையையும் கையால் பொறுக்கிவிடுவதே போதும்.

அப்புறம், பூஞ்சை தின்னும் பொறிவண்டும் இருக்கிறது. சுரைக்காய், பூசணி, மல்பெரி இலையில் வெள்ளையாகச் சாம்பல் நோய் படர்ந்திருக்கும் இடத்தில் வெளிர்மஞ்சளாகச் சின்ன வண்டு ஓடிக்கொண்டிருந்தால், அது அந்தப் பூஞ்சையைத்தான் மேய்கிறது. நோயைக் கொண்டுவந்தது வண்டு என்று நினைத்துவிட வேண்டாம்.

நெல் பூக்கும்போது கதிரில் ஆரஞ்சு வண்டு உட்காருகிறது. கதிருக்குக் கேடா?

கேடு இல்லை. புள்ளி இல்லாத அந்த ஆரஞ்சு வண்டு, வயலில் தத்துப்பூச்சி, இலைப்பேன் போன்ற சின்னப் பூச்சிகளைத் தின்னும். பூக்கும் நேரத்தில் மகரந்தமும் தின்னும். நெல் தன் மகரந்தத்திலேயே சூல் பிடிக்கும் பயிர். வண்டு தின்னும் அளவால் மணி குறையாது.

கொய்யாவில் மாவுப்பூச்சி. அதில் சில மட்டும் பெரிதாக, நடமாடுகின்றன. அது என்ன?

தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன்.

வீட்டுக் கொய்யாவில் மாவுப்பூச்சி அப்பியிருந்தது. சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை நனைத்து, கிளை கிளையாகத் தேய்த்துக் கழுவினேன். வெள்ளையாக, பஞ்சுத் திரி போல நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்த சிலவற்றை "இதுதான் தாய்ப் பூச்சி போல" என்று தேடித்தேடி நசுக்கினேன். அடுத்த வாரம், தேய்க்காமல் விட்ட ஒரு உச்சிக் கிளையில் மாவுப்பூச்சி சுத்தமாக இல்லை. அங்கே ஆரஞ்சுத் தலையோடு கறுப்பாக ஒரு சின்ன வண்டு உட்கார்ந்திருந்தது. நான் நசுக்கியது எல்லாம் அதன் குட்டிகள். கீழே மற்ற கிளைகளில் மாவுப்பூச்சி மறுபடி துளிர்த்திருந்தது.

அந்த வண்டுக்குக் கிரிப்டோலேமஸ் என்று பெயர். அதன் புழு, தான் தின்னும் மாவுப்பூச்சி போலவே வெள்ளை மெழுகு வேடம் போட்டிருக்கும். குச்சியால் லேசாகத் தொட்டால் தெரிந்துவிடும். மாவுப்பூச்சி அசையாமல் கிடக்கும், இது எழுந்து ஓடும். வளர்ந்த மாவுப்பூச்சியைவிட இரண்டு மூன்று மடங்கு நீளமாகவும் இருக்கும்.

இது ஆஸ்திரேலிய வண்டு. 1898-ல் தென்னிந்தியாவின் காப்பித் தோட்டங்களில், செடியில் செதில் போல ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் பச்சைச் செதில் பூச்சியை ஒழிக்கலாம் என்று கொண்டுவந்தார்கள். அந்த வேலை பலிக்கவில்லை. ஆனால் வண்டு இங்கேயே தங்கி, மாவுப்பூச்சியைப் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கிறார்கள். வளர்க்கும் முறை எளிமையானது: நன்றாக முற்றிய பரங்கிக்காயில் மாவுப்பூச்சியைப் பெருக்கி, அதன்மேல் வண்டை விடுவார்கள். காய் அழுகாமல் நாள் தாங்கும், அதன் வரிப்பள்ளங்களில் மாவுப்பூச்சி வசதியாகப் படியும். திராட்சையில் கொடிக்கு 10 வண்டு என்ற கணக்கில் விடச் சொல்வார்கள்.

ஒரு வண்டு கலிபோர்னியா ஆரஞ்சுத் தோட்டங்களையே காப்பாற்றியது என்கிறார்களே?

உண்மை. ஆஸ்திரேலியாவிலிருந்து செடிகளோடு சேர்ந்து பஞ்சுச் செதில் பூச்சி ஒன்று 1860-களின் கடைசியில் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டது. அங்கே அதைத் தின்ன ஆள் இல்லை. இருபது ஆண்டுக்குள் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்கள் வெள்ளை வெள்ளையாகக் காய ஆரம்பித்தன. தோட்டக்காரர்கள் மரத்தை வெட்டி எரிக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

சார்லஸ் ரைலி என்ற பூச்சியியல் அறிஞர், பூச்சி எங்கிருந்து வந்ததோ அங்கேதான் அதன் எதிரியும் இருக்கும் என்றார். அதைத் தேடி அவர் அனுப்பிய ஆல்பர்ட் கோபெலே 1888-ல் ஆஸ்திரேலியா போனார். அங்கே ரொடோலியா என்ற சின்னச் சிவப்புப் பொறிவண்டு இந்தச் செதில் பூச்சியைத் தின்பதைப் பார்த்தார். கப்பலில் அனுப்பிய முதல் மூன்று தவணையில் உயிரோடு வந்து சேர்ந்தவை 28, 44, 57. மொத்தம் 129 வண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு ஆரஞ்சு மரத்தைக் கூடாரத் துணியால் மூடி அதற்குள் விட்டார்கள். சில மாதத்தில் அந்த மரம் சுத்தமாகிவிட்டது. துணியைத் திறந்துவிட்டு, பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கும் வண்டைப் பிடித்துக் கொடுத்தார்கள். 1890-க்குள் அந்தப் பூச்சி ஒரு பிரச்சினையாகவே இல்லாமல் போனது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பின்கதை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதே கலிபோர்னியாத் தோட்டங்களில் டிடிடி அடித்தார்கள். வண்டு செத்தது, செதில் பூச்சி மறுபடி தலையெடுத்தது. ஐம்பது ஆண்டுக்கு மேல் சத்தமில்லாமல் காவல் இருந்த வண்டு என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. மருந்தை நிறுத்தி, வண்டை மறுபடி கொண்டுவந்து விட்டார்கள்.

நம் நீலகிரிக்கும் இதே செதில் பூச்சி வந்தது. 1928-ல் சீகை (வாட்டில்) மரங்களில் கண்டார்கள். அதன் பின்னாலேயே ரொடோலியா வண்டையும் கொண்டுவந்து விட்டார்கள். அங்கேயும் பலன் கிடைத்தது.

ஆனால் எல்லா இடத்திலும் பொறிவண்டே கைகொடுக்கும் என்று நினைக்கக் கூடாது. 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி புகுந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் அழித்தபோது அதை அடக்கியது வண்டு அல்ல. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அசெரோபேகஸ் என்ற கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவி. பொறிவண்டு, பூச்சி அதிகமாக இருக்கும் இடத்தில் வந்து தின்னும், குறைந்ததும் வேறு இடம் பார்த்துப் போய்விடும். குளவி அப்படி இல்லை, மிச்சம் மீதி இருக்கும் ஒன்றிரண்டையும் விடாமல் தேடிப் பிடிக்கும். இரண்டும் தேவை.

கையில் எடுத்தால் மஞ்சளாக ஏதோ விடுகிறதே, விஷமா?

அது வண்டின் ரத்தம். பயந்தால் கால் மூட்டிலிருந்து தானே கசியவிடும். அதில் கசப்பான ஆல்கலாய்டுகள் இருக்கின்றன, வாடையும் மட்டமாக இருக்கும். ஒருமுறை கொத்திப் பார்த்த குருவி அடுத்தமுறை அந்தச் சிவப்பு கறுப்பைப் பார்த்தாலே விலகிப் போகும். பளிச்சென்ற நிறம் அதற்காகத்தான். குழந்தை கையில் ஊரவிடலாம், தவறில்லை. விளையாடி முடித்ததும் கை கழுவினால் சரி. வாயில் மட்டும் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு கசப்பு என்றால் அதற்கு எதிரியே இல்லையா?

உண்டு. சிலந்தி பிடிக்கும், எறும்பு விரட்டும். ஆனால் மிக விசித்திரமான எதிரி டைனோகாம்பஸ் என்ற சின்னக் குளவி. உயிருள்ள வண்டின் உடம்புக்குள் ஒரே ஒரு முட்டை வைக்கும். குளவிப் புழு உள்ளேயே வளர்ந்து, ஏறத்தாழ மூன்று வாரத்தில் வண்டின் வயிற்றுப் பக்கமாக வெளியே வந்து, அதன் கால்களுக்கு நடுவே பட்டுக்கூடு கட்டிக்கொள்ளும். வண்டு சாகாது. நகர முடியாமல் அந்தக் கூட்டை அணைத்தபடி நின்று, யாராவது பக்கத்தில் வந்தால் வெட்டி வெட்டி இழுக்கும். தன்னைத் தின்றவனுக்கே காவல். குளவி பறந்துபோன பிறகு சில வண்டுகள் தேறிப் பழையபடி நடமாடுவதும் உண்டு. இலையில் அசையாமல் நிற்கும் வண்டு ஒன்றைப் பார்த்தால், அடியில் பழுப்பாக ஒரு சின்னக் கூடு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத எதிரியும் இருக்கிறது. சில தாய் வண்டுகளின் உடம்பில் ஒரு வகை பாக்டீரியா தங்கியிருக்கும். அது முட்டைக்குள்ளேயே ஆண் குஞ்சுகளைக் கொன்றுவிடும். தாயிடமிருந்து மகளுக்குத்தான் அந்தக் கிருமி போக முடியும், ஆண் அதற்குப் பயனில்லை. பொரிந்து வரும் பெண் புழுக்களுக்கு, பொரியாத அந்த முட்டைகளே முதல் சாப்பாடாகிவிடுகின்றன. நம் ஆறுபுள்ளி வண்டிலும் இதைக் கண்டிருக்கிறார்கள்.

ஓடு போல இருக்கிறதே, அதற்குள் அவ்வளவு நீள இறக்கை எப்படி அடங்குகிறது?

மேலே தெரியும் ஓடும் இறக்கைதான், முன்னிறக்கை தடித்துக் கவசமாகிவிட்டது. பறப்பது உள்ளே இருக்கும் பின்னிறக்கையால். அது உடம்பைவிட நீளம், மடித்துத்தான் உள்ளே வைக்க முடியும். ஓட்டை மூடிய பிறகே மடிப்பதால் நெடுநாள் யாராலும் பார்க்க முடியவில்லை. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஒரு வண்டின் ஓட்டில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அதே வடிவத்தில் கண்ணாடி போன்ற பிசின் ஓட்டைப் பொருத்திப் படம் பிடித்தார்கள். 2017-ல் அதை வெளியிட்டார்கள். வயிற்றை மேலும் கீழும் அசைத்து, ஓட்டின் உள்வளைவில் உரசி, புடவை மடிப்பது போல இறக்கையை உள்ளே இழுத்துக்கொள்வது அதில் தெளிவாகத் தெரிந்தது.

ஆன்லைனில் வண்டு வாங்கி விடலாமா?

அவரைக்கும் தட்டைப்பயறுக்கும் தேவையே இல்லை. அசுவினி இருந்தால் ஊர் வண்டு தானே வரும். மாவுப்பூச்சிக்குக் கிரிப்டோலேமஸ் வேண்டுமென்றால் வேளாண் பல்கலைக்கழகத்திலோ பக்கத்து வேளாண்மை அலுவலகத்திலோ கேட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டு இனங்களைக் கண்டபடி விடுவதில் எனக்குச் சம்மதமில்லை. கிழக்காசியாவின் ஹார்மோனியா வண்டை அசுவினிக்காக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விட்டார்கள். அது அளவுக்கு மீறிப் பெருகியது. உள்ளூர்ப் பொறிவண்டுகளின் முட்டையையும் புழுவையும் சேர்த்துத் தின்றது. 2004-ல் பிரிட்டனுக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே எங்கும் தென்பட்ட இரண்டுபுள்ளிப் பொறிவண்டு அதன்பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது.

பூச்சி இல்லாத காலத்தில் வண்டு எதைத் தின்று வாழும்?

மகரந்தம், பூத்தேன், செதில் பூச்சி, கிடைக்கும் முட்டைகள். பசி முற்றினால் தன் இனத்தையே தின்னும். தோட்டத்தில் வண்டு தங்க வேண்டுமென்றால் எப்போதும் ஏதாவது பூத்திருக்க வேண்டும். கொத்தமல்லியை எல்லாம் பறித்துவிடாமல் நான்கு செடியைப் பூக்க விடுங்கள். வயல் என்றால் வரப்பில் தட்டைப்பயறு போடுங்கள். பருத்தியைச் சுற்றித் தட்டைப்பயறு விதைக்கச் சொல்வதற்கும் இதுதான் காரணம். தட்டைப்பயறில் அசுவினி முதலில் வரும், அதைத் தேடி வண்டு வந்து பெருகும், பருத்தியில் பூச்சி வரும்போது வண்டு தயாராகப் பக்கத்திலேயே இருக்கும். பருத்தி அசுவினி வேறு, தட்டைப்பயறு அசுவினி வேறு. அதனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவிவிடுமோ என்று பயப்பட வேண்டாம்.

சரி, இப்போது என் அவரையில் அசுவினி இருக்கிறது. இன்றைக்கு என்ன செய்யட்டும்?

முதலில் பத்துக் கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் முட்டைக் கொத்து, கறுப்புப் புழு, கூடு, வண்டு, இதில் எது கண்ணில் பட்டாலும் மருந்து வேண்டாம். இமிடாகுளோபிரிட் போன்ற மருந்து அசுவினியோடு வண்டையும் கொல்லும். தப்பிப் பிழைத்த நாலு அசுவினி ஒரு வாரத்தில் பழைய கூட்டமாகிவிடும், வண்டு திரும்ப மூன்று வாரம் ஆகும்.

எதுவுமே கண்ணில் படவில்லை, கொழுந்து சுருண்டுவிட்டது என்றால், மிக மோசமான நுனிகளை மட்டும் கிள்ளி எறியுங்கள். மற்ற இடத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி உதிர்ந்துவிடும். அதுவும் போதவில்லை என்றால் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து, சாயங்காலம், அசுவினி இருக்கும் கொழுந்தில் மட்டும் படும்படி அடியுங்கள். கொடி முழுக்க நனைக்க வேண்டியதில்லை. எறும்பு ஏறினால் பந்தல் காலில் பசைப்பட்டை கட்டுங்கள்.

கிள்ளிய நுனிகளை உடனே குப்பையில் போடாமல், செடிக்கு அடியிலேயே ஒரு நாள் வைத்திருங்கள். அதில் நம் கண்ணுக்குத் தப்பிய புழு ஒன்றிரண்டு இருக்கும். ராத்திரிக்குள் நடந்து திரும்ப மேலே ஏறிவிடும்.